முந்நூற்றோராவது யூனிட்

திருமலையில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டடத்தின் பெயரைப் படிக்கிறார்கள்? மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாத பவனம். வெங்கமாம்பா பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 1730இல் பிறந்தவர். விவரம் தெரிவதற்குள் கல்யாணம். விவரம் தெரிவதற்குள் விதவை. பொட்டை அழி, வளையலை உடை, தலையை மழி என்றது ஊர். "என் புருஷன் வேங்கடேசன். அவனுக்குச் சாவில்லை. நான் எப்படி விதவை?" என்று அவர் கேட்டதாகக் கதை. விவகாரம் மடாதிபதி வரை போனது. ஒரு சின்னப் பெண்ணின் தலைமுடி யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்க ஒரு மடத்துக்கு நேரம் இருந்தது.

அவர் மலையேறினார். எழுதித் தள்ளினார். 1817இல் இறந்தார். இறந்து நன்றாக ஆறிய பிறகு நமக்குப் பக்தி வந்தது. இன்று ஏகாந்த சேவையில் அவர் பெயரால் முத்தியால ஆரத்தி. பல்லாயிரம் பேருக்குச் சோறு போடும் கூடத்துக்கு அவர் பெயர். உயிரோடு இருந்தபோது அவரிடம் பிடுங்குவதற்கு இருந்தது முடி ஒன்றுதான். அதையும் கேட்டார்கள். அதே மலையில் மொட்டையடிக்கும் கல்யாண கட்டாவில் விழும் முடி இன்று ஏலம் போகிறது. ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் வந்த வருடங்கள் உண்டு. முடிக்கு மார்க்கெட் இருப்பது அந்தக் காலத்து மடாதிபதிக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் ரசீது போட்டுக் கேட்டிருப்பார்.

விதவை வீட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது உலகப் பொதுத் தொழில். இங்கிலாந்தில் இதற்கு 1529இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆள் செத்ததும் அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் நுழைவார்கள். இறகு மெத்தை, வெள்ளீயத் தட்டு, பித்தளைப் பானை, கிழிந்த போர்வை, கொட்டிலில் பன்றி, உடுத்திய துணி. எல்லாவற்றுக்கும் ஷில்லிங்கில் விலை எழுதுவார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மிஞ்சியிருக்கின்றன. பெண் பெயரில் ஒரு பட்டியல் அகப்பட்டால் அவள் பெரும்பாலும் விதவை. இல்லாவிட்டால் கன்னி. ஏனென்றால் புருஷன் மூச்சு விடும்வரை பெண்டாட்டியின் பானை புருஷனின் பானை. அவள் தன் பானைக்குச் சொந்தக்காரியாக அவன் போய்ச் சேர வேண்டும்.

நாம் அந்த அளவுக்கும் முன்னேறவில்லை. அங்கே புருஷன் போனால் பானை வந்தது. இங்கே புருஷன் போனால் பானையும் சேர்ந்து போனது.

அப்படிப்பட்ட இங்கிலீஷ் விதவை ஒருத்தியை நம் கடற்கரையும் பார்த்திருக்கிறது. திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறதே, அந்த ராஜ்யத்துக்கு அடங்கிய தாமர்ல நாயக்கர் 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த மணல்திட்டுதான் மதராஸ். அங்கே கவுன்சிலில் பெரிய பதவியில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் 1680இல் செத்தார். மனைவி காத்தரின். நான்கு பையன்கள். கையில் காசும் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் புத்தம்புது செயின்ட் மேரி தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் இந்த விதவையுடையது. மாப்பிள்ளை, எழுத்தராக வந்து சேர்ந்த எலிஹு யேல். கல்யாணமான பெண்ணின் ரொக்கமும் பொருளும் புருஷனுக்கு என்பது அன்றைய அவர்கள் சட்டம். பிறகு மாப்பிள்ளை கவர்னர் ஆனார். பதவியை வைத்துச் சம்பாதித்தார் என்ற புகாரில் 1692இல் பதவி போனது. 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குத் துணி மூட்டைகளும் புத்தகங்களும் அனுப்பினார். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வந்தது. அவருடைய உயில் நகல் ஒன்றில் "என் பொல்லாத மனைவிக்கு" என்று எழுதிவிட்டுத் தொகை போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார் என்று சொல்வார்கள். முதல் புருஷனும் இரண்டாம் புருஷனுக்குப் பிறந்த பிள்ளையும் புதைந்த கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுக்கலாமா கூடாதா என்று 2023இலும் வழக்கு நடந்தது. ஆண்களின் எலும்புக்கும் வக்கீல் கிடைக்கிறார்.

சரி, வெள்ளைக்காரன் கதை போதும். நம் சட்டத்தின் கருணைக்கு வருவோம்.

கோயில் மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். நிலம் வைத்திருக்கலாம். வழக்குப் போடலாம். 1925இல் லண்டன் பிரிவி கவுன்சிலே ஒரு கல்கத்தாக் குடும்பத்துச் சுவாமி வழக்கில் இதை உறுதி செய்தது. நல்லது. சுவாமி சொத்தை மனிதன் தின்னாமல் இருக்க அந்த ஏற்பாடு வேண்டும். அதே 1925இல், சுவாமிக்கு விளக்கேற்றிய நம் பக்கத்து இந்து விதவையின் நிலை என்ன? கூட்டுக் குடும்பத்தில் புருஷன் செத்தால் பங்கு கிடையாது. சோறு உண்டு, துணி உண்டு. பிரிந்த குடும்பமாக இருந்து சொத்து வந்தால் சாகும்வரை அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்கக்கூடாது. சந்நிதிக்குள் இருப்பவர் முழு உரிமையாளர். சந்நிதிக்கு வெளியே கோலம் போடுகிறவள் வாழ்நாள் குடித்தனக்காரி.

திருப்பதிக்கு அடுத்த நெல்லூரில் துளசம்மா என்று ஒரு விதவை இருந்தார். சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். புருஷன் செத்தது 1931. சோற்றுக்கு வழி கேட்டு, கோர்ட் கட்டணம் கட்டவும் வழியில்லாத ஏழை என்று சொல்லி, 1944இல் மனுப் போட்டார். மச்சினர் வீட்டோடு 1949இல் சமரசம். கொஞ்சம் நிலம் கொடுத்தார்கள், விற்கக்கூடாது என்ற கட்டளையோடு. 1956இல் புதிய இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண் கையில் இருக்கும் சொத்துக்குப் பெண்ணே முழு உரிமையாளர் என்றது. நம்பிவிட்டார் பாவம். சிலவற்றைக் குத்தகைக்கு விட்டார், சிலவற்றை விற்றார். 1961இல் மச்சினர் கோர்ட்டுக்கு ஓடினார். உயர் நீதிமன்றத்தில் துளசம்மா தோற்றார். உச்ச நீதிமன்றம் 1977 மார்ச் 17 அன்று, அம்மா, அது உன்னுடைய நிலம்தான் என்று சொன்னது. புருஷன் செத்து 46 வருடம். தன்னுடையது தன்னுடையதுதான் என்று தெரிந்துகொள்ள ஒரு பெண்ணுக்கு ஆன காலம் இது.

முடிந்ததா? 2024 டிசம்பரில் இன்னொரு வழக்கு. பெண்ணே முழு உரிமையாளர் என்ற, அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்புகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, பெரிய அமர்வு தீர்த்து வைக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுப்பி வைத்தது. 1956இல் எழுதிய ஒரு வாக்கியம். அர்த்தம் இன்னும் பரிசீலனையில்.

இதைவிட வயிறு எரியும் சங்கதி 15ஆம் பிரிவு. நாராயணி தேவி என்று வடநாட்டுப் பெண். கல்யாணமான மூன்று மாதத்தில் புருஷன் பாம்பு கடித்துச் செத்தார். மாமியார் வீடு அவரை வெளியே தள்ளியது. பெற்றோர் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார். சம்பாதித்தார். வங்கியில் போட்டார். நாற்பது வருடம் அந்த மாமியார் வீட்டு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். உடனே வந்தார்கள், புருஷனின் அக்கா தங்கை பிள்ளைகள். படிக்க வைத்த தாய் ஒரு பக்கம். துரத்திய வீட்டு வாரிசுகள் ஒரு பக்கம். 2009இல் உச்ச நீதிமன்றம் பணத்தை யாருக்குக் கொடுத்தது என்று ஊகியுங்கள். பிள்ளையில்லாத விதவை தானே உழைத்துச் சேர்த்த பணமும் தாய் தகப்பனுக்கு முன்பு புருஷன் வாரிசுகளுக்கு என்கிறது சட்டம். இரக்கம் வேறு, சட்டம் வேறு என்றார்கள் நீதிபதிகள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இரக்கத்துக்கும் எப்போது விவாகரத்து நடந்தது? அதற்கு ஜீவனாம்சம் யார் கொடுப்பது?

ஆந்திரத்துக்கு ஒரு சபாஷ் உண்டு, சொல்லிவிடுவோம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று என்.டி.ஆர். அரசு சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டுக்கு முன்பே, 1985 செப்டம்பர் 5 முதல் அமல். அந்தத் தேதிக்கு முன்பு கல்யாணமானவளுக்குக் கிடையாது என்றே 2005வரை இருந்தது. அதாவது, முந்தின முகூர்த்தத்தில் தாலி கட்டிக்கொண்டவள் அதுவரை மகள் இல்லை.

இனி மலைக்கணக்கு. 2022 நவம்பரில் தேவஸ்தானம் வெளியிட்ட வெள்ளை அறிக்கைப்படி வங்கிகளில் 10 டன்னுக்கு மேல் தங்கம், 15,938 கோடி ரூபாய் வைப்பு. நாடு முழுக்க 960 சொத்துகள். 2019 தேர்தல் நேரத்தில் 1,381 கிலோ தங்கத்தோடு போன வண்டி தமிழ்நாட்டில் பறக்கும் படையிடம் மாட்டியதே, நினைவிருக்கிறதா? வங்கியிலிருந்து திருப்பதிக்குத் திரும்பிய சுவாமி தங்கம். பெருமாளிடம் இருப்பது பற்றி நமக்கு வழக்கில்லை. கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். எண்ணுகிறவர்கள் பற்றித்தான் கேள்வி. உண்டியல் எண்ணும் பரகாமணியில் 2023 ஏப்ரலில் ஒருவர் டாலர் நோட்டுகளோடு பிடிபட்டார். வழக்கு சில மாதத்தில் லோக் அதாலத்துக்குப் போனது. தன் சொத்துகளைத் தேவஸ்தானத்துக்கே எழுதிக் கொடுத்தார். சமரசம்! அப்புறம்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டு, மறுபடியும் விசாரியுங்கள் என்றது. துளசம்மாவுக்குச் சமரசம் செய்ய ஐந்து வருடம் பிடித்தது. அவர் திருடவில்லை என்பதுதான் தாமதத்துக்குக் காரணமோ என்னவோ.

இப்போது மலையிறங்கி ஏதாவது ஒரு கிராம சச்சிவாலயத்துக்குப் போங்கள். புருஷன் இல்லாதவளுக்கு அரசு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. 2024 ஜூலையில் 3,000 நாலாயிரமானது. ஒன்றாம் தேதி வீட்டு வாசலில் பணம் வருகிறது. குறை சொல்ல முடியாது. குறை, வாசலுக்கு வருவதற்கு முன்பு படிப்படியாக நடக்கும் சோதனையில். குடும்பத்தின் மாத வருமானம் கிராமத்தில் 10,000, நகரத்தில் 12,000 தாண்டக்கூடாது. நஞ்சை மூன்று ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர் தாண்டக்கூடாது. கார் கூடாது. வருமான வரி கூடாது. குடும்பத்தில் அரசு ஊழியர் கூடாது. நகரத்தில் வீடு ஆயிரம் சதுர அடியை எட்டக்கூடாது. மின்சாரம் மாதம் சராசரி 300 யூனிட்டைத் தாண்டக்கூடாது.

ஒரே மீட்டரில் மகன் வீடு, மகள் வீடு, மாடியில் குடியிருப்பவர் என்று மூன்று அடுப்பு எரிந்தால், கிழவி 301ஆவது யூனிட்டில் பணக்காரியாகிவிடுகிறாள். அவள் பெயரில் ஒரு பல்பும் ஒரு ஃபேனும்தான் ஓடின என்பதைக் கம்ப்யூட்டர் பார்க்காது. இங்கிலாந்து அண்டை வீட்டுக்காரனாவது உள்ளே வந்து பானையைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

இந்தக் கறாரைக் கடைப்பிடிக்கும் ராஜ்யத்தை ஆள்கிறவர்கள் யார்? அரசியல்வாதிகளின் சொத்தைக் கணக்கெடுக்கும் ஏடிஆர் அமைப்பின்படி 2023இல் இந்தியாவின் மிகப் பணக்கார முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, 510 கோடி. ஆட்சி மாறியது. 2024 இறுதியில் இந்தியாவின் மிகப் பணக்கார முதல்வர் சந்திரபாபு நாயுடு, 931 கோடி. சந்திரகிரிக்குப் பக்கத்து நாராவாரிபள்ளியில் பிறந்தவர், சித்தூர் மாவட்டத்துக் குப்பம் தொகுதியின் உறுப்பினர். முதலிடத்தை மட்டும் ஆந்திரம் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அந்த 931 கோடியில் பெரும்பகுதி மனைவியின் பெயரில் உள்ள ஹெரிடேஜ் நிறுவனப் பங்குகள். முறைப்படி அறிவித்தது, தப்பில்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை நன்றாகவே வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். புருஷன் முதல்வராக இருந்தால் போதும்.

நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. வேட்புமனு வாங்கும் அதிகாரியின் மேஜைக்கு அந்தச் சோதனைப் படிகளை ஒரு தேர்தலுக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். வருமானம், நிலம், கார், வரி, சதுர அடி, மீட்டர். எந்தக் கட்சியிலும் ஆள் தேறாது. பரவாயில்லை, தொகுதிக்குத் தொகுதி நிற்கத் தகுதியுள்ள விதவைகள் சச்சிவாலய வரிசையில் ஏற்கெனவே நிற்கிறார்கள்.