கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி

சர் தி. முத்துசாமி ஐயரை வைத்துத் திட்டு வாங்காமல் தமிழ்நாட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. பெயர் தெரியாமல் இருக்கலாம். "தெருவிளக்குல படிச்சு ஜட்ஜ் ஆனாரு" என்றால் உடனே தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர் அவர். "உனக்கு மேஜை இருக்கு, ஃபேன் இருக்கு, டியூஷன் இருக்கு, இருந்தும் என்ன பிரயோஜனம்?" என்ற கேள்விக்கு முன்னுரையாக இந்தக் கதை பல தலைமுறைகளாகப் பயன்பட்டு வருகிறது. மனம் வைத்தால் இடம் ஒரு பொருட்டல்ல என்பதுதான் அதிலிருந்து பெற்றோர்கள் எடுக்கும் பாடம். கொஞ்சம் நின்று அந்த இடத்தைப் பார்த்தால் பாடம் தலைகீழாகிறது. தெருவிளக்கின் அடியில் கட்டில் கிடையாது. சாய்ந்துகொள்ளத் தலையணை கிடையாது. நாலடி தள்ளி முறுக்கு டப்பா கிடையாது. எழுந்து எங்கே போனாலும் இருட்டு. வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் கையிலிருக்கும் புத்தகத்தையும் விளக்கைச் சுற்றும் பூச்சியையும் விட்டால் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. படிப்பதற்கென்றே ஓர் அறையைக் கட்டச் சொன்னால் எந்த என்ஜினீயரும் இவ்வளவு கறாராகக் கட்ட மாட்டார். அந்தப் பையனின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. புகழ்மாலையில் நாலு பூவையாவது பிய்த்து விளக்குக் கம்பத்துக்கும் போட வேண்டும் என்கிறேன்.

இப்போது நம் வீடுகளுக்குள் வருவோம். வரவேற்பறையில் கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் திருக்குறள் உரை, பாரதியார் கவிதைகள், யாரோ கல்யாணத்துக்குப் பரிசளித்த விவேகானந்தர். ஷோகேஸுக்குப் பூட்டு, பூட்டின் சாவி பீரோவில், பீரோவின் சாவி அம்மாவுக்கு மட்டும் தெரிந்த இடத்தில். அறிவு அவ்வளவு பத்திரம். டிவி ரிமோட்டோ பிளாஸ்டிக் உறை போட்டு, சோபாவில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் கை படும்படி கிடக்கிறது. மகள் எட்டாம் வகுப்பு வரை வாசித்த வீணை பழைய பெட்ஷீட்டில் சுற்றப்பட்டுப் பரணில் இருக்கிறது. அதை இறக்க ஸ்டூல் வேண்டும். ஸ்டூலின் மேல் இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. டிரெட்மில்லில் துண்டு காய்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்தக் குடும்பமும் சீரியல் பார்க்கிறதென்றால் அதற்குச் சோம்பேறித்தனத்தையோ ஏழரைச் சனியையோ குறை சொல்வது அநியாயம். சீரியல் பார்க்க வசதியாக அமைத்த வீட்டில் சீரியல் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை "இன்று முதல்" என்று ஒரு சபதம் எடுக்கப்படும். சபதத்துக்கும் பரணுக்கும் நடுவே அந்த ஸ்டூல் அப்படியே இருக்கும்.

மனவுறுதியைத் தினச்செலவுக்கு எடுப்பதுதான் தவறு என்பது என் கட்சி. எல்லோரிடமும் அது கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் ஒரே நாளில் ஒரே வேலைக்குக் கொடுத்து, இடத்தை மாற்றிவிட வேண்டும்; பிறகு இடம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். இதற்கு எனக்குத் தெரிந்த ஆகச்சிறந்த சாட்சி திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். 1907-இல் நிதித்துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா போனபோது அவருக்கு வயது 18. கௌரவமான உத்தியோகம், கை நிறையச் சம்பளம், புது மனைவி. வாழ்நாள் முழுதும் பேரேட்டைப் புரட்டிவிட்டு ஓய்வு பெற எல்லா வசதியும் இருந்தது. ஒரு நாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண்ணில் ஓர் அறிவியல் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட, இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876-இல் தொடங்கிய சங்கம் அது. இந்தியர்கள் வந்து ஆராய்ச்சி செய்வார்கள் என்று காத்திருந்து, யாரும் வராத ஏமாற்றத்தோடு அவர் 1904-இல் கண்ணை மூடியிருந்தார். ராமன் ஆபீஸுக்கு முன் விடியற்காலையிலும், ஆபீஸ் விட்டதும் ராத்திரி வரையிலும் அங்கே வேலை செய்தார். இதுவரை உள்ளதெல்லாம் மேடைப்பேச்சாளர்கள் சொல்வதுதான். அவர்கள் சொல்லாமல் தாண்டிப்போகும் சங்கதிதான் எனக்குப் பிடித்தது. நடுவில் ரங்கூன், நாகபுரி என்று மாற்றலாகிக் கல்கத்தா திரும்பியவர், சங்கத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், வீட்டிலிருந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய ஒரு கதவு வைத்துக்கொண்டார்.

அந்தக் கதவு இல்லாத ராமனை நினைத்துப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு யோசனை தோன்றுகிறது. கோட்டு மாட்ட வேண்டும். அந்தப் புகழ்பெற்ற தலைப்பாகையைச் சுற்ற வேண்டும். வீதியில் இறங்கினால் எதிர்வீட்டுக்காரர், "என்ன, இந்த நேரத்துல?" என்று ஆரம்பித்து மழை, விலைவாசி, மருமகன் என்று ஒரு சுற்று வருவார். அதற்குள் யோசனை அவிந்துபோகும்; நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் திரும்பிவிடுவார். கதவு வைத்த வீட்டில் இந்தச் சோதனையே இல்லை. வருஷக்கணக்கில் தினமும் எடுக்க வேண்டிய ஒரு முடிவைக் கொத்தனார் ஒருவர் கடப்பாரையால் ஒரே தடவையில் எடுத்துவிட்டார். அந்த ஆய்வுக்கூடத்தில்தான், வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும் கூட நின்று உழைக்க, 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு தெரியவந்தது. கதவு நோபல் பரிசு வாங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டாக்ஹோம் மேடையில் அதற்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

ஒரு கதவை வைத்துக்கொண்டு ஊருக்கே சித்தாந்தம் பேசலாமா என்றால், மாதச் சம்பளக்காரர்கள் பி.எஃப். கணக்கைப் பார்க்கலாம். சம்பளம் கைக்கு வந்த பின் அதில் ஒரு பகுதியைச் சேமிப்பேன் என்று சொன்னவர்களின் வரலாறு துயரமானது. வருங்கால வைப்பு நிதியோ கைக்கு வருமுன்னே 12 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1952-இல் வந்த சட்டம் யாருக்கும் சிக்கனத்தைப் போதிக்கவில்லை. பணம் போகும் வழியை மாற்றி வைத்தது. ஊதாரி என்று பெயரெடுத்தவர்கூட ஓய்வுபெறும் நாளில் ஒரு தொகையோடு வீட்டுக்கு வருகிறார், அதுவும் தாமே சேர்த்ததுபோன்ற முகத்தோடு. இதைவிடக் கடுமையான சோதனையும் நடந்திருக்கிறது. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று 1971-இல் வாஷிங்டன் பதறியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளரைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாக இருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். விமானம் ஏறுமுன் சிறுநீர்ச் சோதனை, தேறாதவர்களுக்குச் சிகிச்சை என்பதெல்லாம் நடந்தது உண்மை. அதையும் கழித்தே பார்க்க வேண்டும். ஆனால் போதைப்பொருள் மலிவாகக் கிடைத்த காடும், சாவு பயமும், கூட்டாளிகளும் கடலுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டன. ஹெராயினுக்கே இந்தக் கதி என்றால் பக்கோடா எம்மாத்திரம்?

"சூழலை அமைக்கிறேன்" என்று கிளம்புகிறவர்கள் செய்யும் காரியங்களைப் பார்த்தால் எனக்கே என் கட்சி மீது சந்தேகம் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாவல் எழுத முதலில் தேக்கு மேஜை. மேஜைக்குப் பொருத்தமான விளக்கு. விளக்குக்குப் பொருத்தமான திரைச்சீலை. பிறகு ஜன்னலோரம் ஒரு மணி பிளான்ட். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மணி பிளான்ட் மட்டும் வளர்ந்திருக்கும். ஆராய்ச்சியாளர்களும் இந்த விஷயத்தில் நம் மானத்தை வாங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைச் சிறிதாக்கு, கிண்ணத்தை மாற்று, உடம்பு தானாக இளைக்கும் என்ற வகை ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்து பிரையன் வான்சிங்க், புள்ளிவிவரங்களைத் தன் இஷ்டத்துக்கு வளைத்ததாக 2018-இல் மாட்டிக்கொண்டார். கட்டுரைகள் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன, பதவியும் போனது. ஆகவே தட்டின் விட்டத்தை நம்பி நான் வழக்காட மாட்டேன். அலங்காரம் வேறு, தூரம் வேறு. ராமன் சுவருக்குச் சாயம் அடிக்கவில்லை, சுவரை உடைத்தார். அவர் கருவிகளும் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம் என்றே சொல்வார்கள். செய்ய வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, செய்யக்கூடாதது நாலு கதவு தாண்டி இருக்கிறதா என்ற இரண்டைத் தவிர மற்றதெல்லாம் பர்னிச்சர் கடைக்காரரின் வளர்ச்சிக்கே உதவும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மேதைக்குக் கதவு எதற்கு, சேற்றிலும் செந்தாமரை பூக்காதா? பூக்கும். பூக்காமல் அழுகிப்போனவற்றை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை என்பதால் கணக்கு எப்போதும் சேற்றுக்குச் சாதகமாகவே வருகிறது. செந்தாமரைக்கு எல்லோரும் காட்டும் ராமானுஜனையே எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் அவர் எஃப்.ஏ. தேறவில்லை. மேதைமை குறைவில்லாமல் இருந்தும், வேலை தேடி வீடு வீடாக அலையத்தான் அது உதவியது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கணக்குப் பிள்ளை வேலைதானே என்று தோன்றும். ஆனால் அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் படித்தவர். ராத்திரியில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவும் சேர, 1913-இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை, அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ். உலகத்தில் அதைவிடக் கணிதத்துக்கு உகந்த இடம் அப்போது அவருக்கு இல்லை. அந்த இடத்தில் ரசமில்லை, வெயிலில்லை, போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. படுக்கையில் விரித்து மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேலே படுத்துக் குளிரில் நடுங்கியவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ். கணக்குக்குக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி இருந்தார். கம்பளிக்கு ஒரு வங்காளி வர வேண்டியிருந்தது. 1920-இல், 32 வயதில், எல்லாம் முடிந்துவிட்டது. மூளைக்கு ஏற்ற இடம் வயிற்றுக்கும் ஏற்றதா என்று சேர்த்துப் பார்க்காமல் சூழலைப் பற்றிப் பேசுவது அரைக்கிணறு தாண்டுவது.

நாராயண ஐயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயனுள்ள வாழ்க்கை வாழ வேண்டும், சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ராமானுஜனாகத் திட்டமிடுகிறார்கள். வேலைக்கு ஆள் தேவைப்படுவதோ நாராயண ஐயர் இடத்தில். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. படிக்காதவனைக் கண்டிக்கச் சொல்லும் விதி ஒன்றுகூடக் கிடையாது. அதே ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசிப்பின் அருமை பற்றிப் பிரசங்கம் செய்ய மாடு தேவையில்லை, மேடை போதும். அவர் மாட்டைத் தேர்ந்தெடுத்தார். காமராஜர் 1956-இல் மதிய உணவைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனபோதும் இதே கணக்குத்தான்: கல்வி கண் திறக்கும் என்று பசித்த பிள்ளையிடம் எத்தனை தடவை சொன்னாலும் அது பள்ளிக்கூடத்துக்கு வராது, சோற்று வாசனை அடித்தால் வரும். இதைச் சோம்பேறிகளை வளர்ப்பதென்று சொன்னவர்கள் உண்டு. அவர்களும் பசித்தால் சாப்பிட்டவர்கள்தான்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ராமன் சுவரை உடைத்தார் சரி, நாம் இருப்பது வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தாலே அட்வான்ஸில் கை வைக்கும் ஹவுஸ் ஓனர், கதவு வைக்கிறேன் என்றால் நம்மையே கழற்றிவிடுவார். இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் படிப்பறைக்கு எங்கே போவது? இங்கே என் வாதம் கொஞ்சம் முட்டிக்கொள்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இடமே இல்லாதவரிடம் இடத்தை மாற்றச் சொல்வது ஏளனம். அவருக்கு இடம் அமைத்துத் தருவது ஊராரின், அரசாங்கத்தின் வேலை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவே தனிப் பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் அங்கே காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். முத்துசாமி ஐயரின் விளக்குக் கம்பத்துக்குக் கூரையும் மின்விசிறியும் போட்டதுபோலத்தான் அது. நூலகம் தூரத்தில் இருப்பவர்கள் ஓனரிடம் கேட்காமலே செய்யக்கூடிய ஒரு மராமத்து உண்டு: செல்போன் சார்ஜரைக் கட்டிலருகிலிருந்து பிடுங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோவது. அங்கே இருப்பது ஒரே பிளக் பாயின்ட், அதில் மிக்ஸி இருக்கிறது, எடுத்தால் வீட்டில் சண்டை வரும் என்பீர்கள். வரட்டும். தேங்காய்ச் சட்னி அரைபடும் வரையாவது போன் சும்மா கிடக்கும்.