குளிரிற் பாடுவோர் இயல்

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், டிசம்பர் மாலையில் இங்கிலாந்தின் ஊர்ச் சதுக்கங்களில் கூரையின்றி நின்று கிறிஸ்துமஸ் கேரல் பாடுவோரை வகைப்படுத்துதல் நுதலிற்று.

முதற்பொருளில் நிலமாவது தேவாலய முற்றம், கடைத்தெரு, கார் நிறுத்துமிடம். தலைநகரத்தார்க்கு டிரஃபால்கர் சதுக்கம்; போர்க்கால உதவிக்கு நன்றியாக 1947 முதல் நார்வே அனுப்பிவரும் கிறிஸ்துமஸ் மரத்தடி. பொழுதாவது முன்பனி, நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாலை. கருப்பொருள்: மின்ஸ் பை, பட்டை கிராம்பு போட்டுச் சுடவைத்த ஒயின், ஈரத்தில் நைந்த பாட்டுத்தாள், காசு குலுங்கும் வாளி. உரிப்பொருள் 'பாடலும் பாடல் நிமித்தமும்' என்பர் பாதிரிமார். 'நடுங்கலும் நடுங்கல் நிமித்தமும்' என்பதே எம் துணிபு.

பாடுவோர் ஐவகையர்.

முதலாமவர் முதலடியார். முதல் சரணத்தில் இடிமுழக்கம், இரண்டாவதில் முணுமுணுப்பு, பல்லவி வந்ததும் மறுபடி முழக்கம். கூட்டத்தில் பெரும்பான்மை இவரே.

அடுத்தவர் தாள்நோக்கியர். செல்போன் டார்ச்சைத் தாளின்மேல் அடித்துப் பாடுவர். கையுறையோடு பக்கம் புரட்ட வராது. எனவே கையுறையைப் பல்லால் கடித்து இழுப்பர். அந்தச் சரணம் அவர்க்கு இல்லை.

மூன்றாமவர் பிறமெட்டார். 'ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லஹேம்' பாட்டுக்கு அமெரிக்காவில் ரெட்னர் 1868இல் போட்ட மெட்டு. இங்கிலாந்திலோ, வான் வில்லியம்ஸ் நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்து 1906இல் பொருத்திய மெட்டு. சுற்றுலா வந்த அமெரிக்கர் உற்சாகமாக எடுத்துவிட்டு, இரண்டாம் அடியில் இருமத் தொடங்குவர்.

நான்காமவர் உச்சியார். 'ஓ கம், ஆல் யீ ஃபெய்த்ஃபுல்' பாட்டுக்கு டேவிட் வில்காக்ஸ் எழுதி 1961இல் அச்சான மேற்சுரத்துக்காகவே வருபவர். அதுவரை மஃப்ளருக்குள் இருந்த வாய் அப்போதுதான் வெளியே வரும்.

ஐந்தாமவர் விதியார். அதே பாட்டின் கடைசிச் சரணம் 'இன்று காலை' பிறப்பைச் சொல்வதால், 25ஆம் தேதிக்கு முன் பாடலாகாது என்பர். வாயை மூடிக்கொள்வர், மூடியிருப்பது நாலு பேர் கண்ணில் படும்படியும் நிற்பர்.

இனி வாத்தியம். பித்தளைக் குழல்களுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு இறங்கும். குளிர்காற்றில் ஒலியின் வேகம் குறைவதே காரணம். பக்கத்தில் வைத்த மின் கீபோர்டுக்கோ குளிர் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுருதியைத் தேடிக்கொள்வது பாடுவோர் பாடு.

புறநடையாவது, வாளி குலுக்குவோர், நாய் பிடித்து நிற்போர், பஸ்ஸுக்குக் காத்திருந்து அகப்பட்டுக்கொண்டோர் ஆகியோர்க்கும் இடம் கொடுத்தல்.

அற்றேல், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியார் 1918 முதல் கூரையடியில் பாடவில்லையா, வெளியில் நின்று விறைப்பானேன் என்று கடாவின், விடை வருமாறு: உள்ளே அமர்ந்தால் இரண்டாம் சரணம் அறியாதார் யார் என்பது பக்கத்து இருக்கைக்குத் தெரிந்துவிடும். வெளியிலோ, வாய் திறந்தார் அனைவர்க்கும் வெண்ணிற ஆவி எழும். அது பாட்டா, பெருமூச்சா, கொட்டாவியா என்று பிரித்தறிய இலக்கணம் இல்லை. ஆதலின் ஐயம் வந்துழி எல்லாரையும் பாடினார் என்றே கொள்க.