ஆணியப் புடுங்கப் போறியா பேராண்டி?

வாடா பேராண்டி, உக்காரு. உட்லண்ட்ஸ் ரிபப்ளிக் பாலிடெக்னிக்ல படிச்சு முடிக்கிறதுக்குள்ள பேய்ப் படம் எடுக்கப் போறியாம்ல? அதுவும் எந்த ஜானர்லயும் அடங்காத படமாம். "ஜானரையே உடைக்கிறேன் பாரு"ன்னு உங்கம்மாகிட்ட சவால் விட்டியாம். உடைடா, நல்லா உடை. ஆனா அது எங்க இருக்குன்னு மொதல்ல பாத்துக்க. வீவக புளோக்குச் செவுத்துல கைய வச்சிட்டீன்னா நகர மன்றத்துக்காரன் பில்லு அனுப்புவான்.

"பேய்க்கும் ஒரு நியாயம் உண்டு தாத்தா, இதை யாருமே யோசிக்கல"ன்ன. ஆமாய்யா, நீ பொறக்குற வரைக்கும் உலகம் காத்துக்கிட்டு இருந்துச்சு. 1957ல இதே சிங்கப்பூர்ல கேத்தே-கெரிஸ் கம்பெனி 'பொந்தியானாக்'னு ஒரு மலாய்ப் படம் விட்டுச்சு. எடுத்தவர் பி.என். ராவ். இந்தியாவுலேருந்து வந்தவர், 1945ல தமிழ்ல 'சாலிவாகனன்' எடுத்த ஆளு. பணம் சீன முதலாளி பணம், பேய் மலாய்க் கம்பத்துப் பேய், நடிச்சது மரியா மெனாடோ. கதையில ஒரு கூனி மந்திரத்தால அழகியாகுறா. ரத்தம் மட்டும் நாக்குல படக் கூடாதுன்னு நிபந்தனை. புருசனப் பாம்பு கடிக்குது. விசத்த உறிஞ்சி எடுக்கப் போனவளுக்கு ரத்த ருசி பட்டு, பேயாயிடுறா. புருசனக் காப்பாத்தப் போய்ப் பேயானவடா! உன் நியாயத்த உங்க தாத்தன் காலத்துலயே டிக்கெட் போட்டு வித்துட்டாங்க.

ஓடுற படத்த யாரு விடுவா? அதே வருசம் ரெண்டாவது படம், 1958ல மூணாவது. எதிர்ல ஷா பிரதர்ஸ் சும்மா இருப்பாங்களா? பிலிப்பீன்ஸ்காரர் ரமோன் எஸ்தெல்லாவ வச்சு அவங்களும் 1958ல ஒரு பொந்தியானாக்க எறக்கிட்டாங்க. ஒரு கடையில புட்டு வித்துத் தீந்தா மறுநாள் பக்கத்துக் கடையிலயும் புட்டு அவியும். உன் வாத்தியார் ஜானர்ங்கிறாரே, அது இப்படித்தான் பொறக்குது. ஆனா ராவ் எடுத்த மொத ரெண்டு படத்தோட பிரதியும் இப்ப இல்ல, தொலஞ்சு போச்சு. பேய் மட்டும் தொலையல. 2019லகூட 'ரிவெஞ்ச் ஆஃப் த பொந்தியானாக்'னு வந்து நின்னுச்சு.

அந்தப் பேய அடக்க ஒரு வழி சொல்வாங்க. பிடரியில ஆணி அடிச்சா நல்ல பொம்பளையாகி, சமைச்சுக் குடும்பம் நடத்துவா. புடுங்கினா பழையபடி பேய். நம்மூர்ல கோடாங்கி என்ன பண்ணுவான்? பேய் புடிச்சவ உச்சி மயிரப் புடுங்கி, புளிய மரத்துல வச்சு ஆணி அடிப்பான். இந்த ஆணி எப்பக் கழலும்னு பாக்கத்தான்டா சனம் காசு குடுத்து உள்ள வருது. நீ ஆணியே இல்லாம படம் எடுக்கிறேங்கிற!

தமிழ்ப் பேய் இருக்கே, அது காலத்துக்கு ஏத்த மாதிரி வேசம் கட்டும். 1966ல 'யார் நீ?'ன்னு வெள்ளச் சேலைய உலவ விட்டு, கடைசியில பேயும் இல்ல பிசாசும் இல்ல, எல்லாம் சொத்துக்குப் பண்ணின சூதுன்னு முடிச்சான். 2005 'சந்திரமுகி'யில அது மனசுல வந்த நோவு. 2011 'காஞ்சனா'வுல பேய் ஒரு திருநங்கை, நெலத்தப் புடுங்கினவன் கழுத்தப் புடிக்க வருது, நடுவுல நம்மளச் சிரிக்கவும் வைக்குது. அதோட வந்த வினை, 2014ல 'அரண்மனை' கட்ட ஆரம்பிச்சவங்க 2024ல நாலாவது கட்டுக்கு வந்துட்டாங்க. பேய்க்கே மூச்சு வாங்குது.

உடைச்சவன் யாருன்னு கேளு. 2012ல 'பீட்சா' எடுத்த கார்த்திக் சுப்புராஜ். பாழடஞ்ச பங்களா, அணையுற டார்ச்சு, பூட்டுன கதவு, எல்லா ஆணியையும் வரிசையா, ஒழுங்கா அடிச்சாரு. நாமளும் நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்பறம் பாத்தா அம்புட்டும் பீட்சா கொண்டு போன பய வைரத்துக்காக விட்ட கதை! கதை விட்டவன் அதோட தப்பிச்சானா? அதுக்கும் ஒரு கதவு வச்சிருந்தாரு. ஒழுங்கா அடிச்ச ஆணியத்தான்டா புடுங்க முடியும்.

அதனால உட்லண்ட்ஸ்ல எடுக்கிறியா, உட்லண்ட்ஸ் பேயா எடு. பொந்தியானாக் குடியிருக்குமாமே, அந்த வாழை மரத்துக்கு அலையாத. பழைய புளோக்குல முன்னெல்லாம் லிஃப்ட் எல்லா மாடியிலயும் நின்னதில்ல, தெரியுமா? உங்கம்மாகிட்டக் கேளு. அந்தக் காலத்துல நாலாவது மாடியில செத்தவ லிஃப்ட்டுல ஏறினா வேற மாடியில எறங்கி, படிக்கட்டுல நடந்துதான்டா வீட்டுக்கு வரணும். நடு ராத்திரியில அந்தச் செருப்புச் சத்தத்த மட்டும் வையி. முகத்தக் காட்டாத, மேக்கப் காசு மிச்சம்.

படம் முடிஞ்சா சீனர் ஏழாம் மாசத்துல போடு. அந்த மாசம் கெத்தாய்ங்கிற பாட்டு மேடைக்கு முன்னால மொத வரிசை நாற்காலிய ஆவிங்களுக்குன்னு காலியா விடுவாங்க. உன் படத்துக்கு எல்லா வரிசையும் காலியா இருந்தாலும் ஹவுஸ்ஃபுல்னு போர்டு மாட்டிக்கலாம், ஒரு பய கேக்க மாட்டான்.