ரெண்டு விரல் இடைவெளி

நம்மவரை ஹட்டன் பக்கம் தேடிப் போனால், தன் காரின் முன்சக்கரத்தருகே குந்தியிருக்கும் கோலத்தில்தான் காண்பீர்கள். இடது கையில் போன் வெளிச்சம். வலது கையின் இரண்டு விரல்கள் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே நுழைந்திருக்கும். தாராளமாக நுழைந்துவிட்டால் முகம் வாடும். தோல் உரசிக்கொண்டு நுழைந்தால் மலரும். முன்பெல்லாம் அதே இடைவெளியில் முஷ்டியை விட்டுத் திருப்பி எடுக்கலாம். அந்த முஷ்டியை இரண்டு விரலாகக் குறைக்க அவர் ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார்.

வயது முப்பதுக்குள். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மவருக்குக் கொழும்பிலே வேலை, அல்லது கட்டாரிலே இருந்து திரும்பிய கையோடு ஹட்டன் டவுனில் ஒரு கடை. கார், ஏறக்குறைய அவருடைய வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு லான்சர். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்கக் கூடாது. 2020 மார்ச்சில் அரசாங்கம் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் பழைய கார்களின் விலை வெகுவாக ஏறிவிட்டது. காரை மாற்ற வழியில்லாத இளைஞர்கள் காருக்கு அடியில் இருப்பதை மாற்றத் தொடங்கினார்கள்.

வினை விதைத்தது நுவரெலியா ஏப்ரல் சீசன். அப்போது நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ரோட்டில் ஒவ்வொரு காராகச் சீறிக்கொண்டு போகும். நம்மவர் வேலியோரம் நின்று பார்த்தார். வளைவில் அந்தக் கார்கள் ஒரு பக்கம் சாயவே இல்லை. அதை மட்டும்தான் பார்த்தார். அந்தக் கார்களில் ஹெல்மெட் போட்ட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார் என்பதையோ, பின்சீட்டில் அப்பாயியும் டிக்கியில் லீக்ஸ் மூட்டையும் இல்லை என்பதையோ கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் பயணம். அங்கே ஜப்பானில் யாரோ கழற்றிப் போட்ட ஒரு கொயிலோவர் செட் கிடைத்தது. நீல நிற ஸ்பிரிங், பொன்னிற உடம்பு, உடம்பு நெடுகப் புரி வெட்டு. கம்பெனி ஷொக் போல ஒரே உயரத்தில் நிற்காது. வளையத்தைத் திருகினால் காரை ஏற்றலாம், இறக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். இதில் 'ஏற்றலாம்' என்ற பாதி நம்மவர் காதில் விழவே இல்லை.

மாட்டிய முதல் நாள் உண்மையிலேயே சொர்க்கம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் ஏ7 வீதி, காப்பெட் போட்ட ரோடு. டெவன் அருவி வளைவிலும் சென்கிளயர் வளைவிலும் கார் சாயாமல் தண்டவாளத்தில் ஓடியது. நம்மவர் ஒரு கையால் ஓட்டினார். பிறகு தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பினார்.

தோட்டத்து ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கொழுந்து லொறிக்காக இருக்கிற ரோடு. நடுவில் புல், இருபக்கம் லொறிச் சக்கரம் தோண்டிய தடம், இருபது யார் தூரத்துக்கு ஒருமுறை குறுக்கே ஒரு கான், கானுக்கு மேலே யாரோ அன்பாகப் போட்ட ஒரு கொங்கிரீட் மேடு. முதல் கானில் காரின் வயிறு உரசியது. இரண்டாவது கானில் அப்பாயியின் தலை கூரையில் இடித்தது.

"என்னாய்யா, ஸ்பிரிங்கு ஒடஞ்சிருச்சா?"

"இல்ல அப்பாயி, இப்பத்தான் புதுசு போட்டேன்."

"புதுசுக்கே இப்புடியா? பழசு எங்க?"

பழசு எங்கே என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். அதற்குக் கடைசியில் வருவோம்.

கொயிலோவர் போட்டவருக்கு வரும் முதல் நோய், 'செட் ஆகணும்' என்பது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் செட் ஆகிவிடும் என்று நம்மவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸ்பிரிங் ஓட ஓட ஒரு நூல் இறங்கும், அவ்வளவுதான். இறங்கினால் குலுக்கல் கூடுமே தவிரக் குறையாது. ஆயிரம் கிலோமீட்டரில் செட் ஆனது அவருடைய இடுப்பு. பள்ளம் வருமுன்பே சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்பிக்கொள்ளப் பழகிவிட்டார்.

இரண்டாவது, டயர். டயர் கடைப் பையன் ஏதோ ஞாபகத்தில் நாற்பது பிஎஸ்ஐ காற்றடித்திருந்தான். முப்பதுக்கு இறக்கியதும் சின்னச் சின்னக் கல் தட்டுவது குறைந்தது. ஒருநாள் முழுக்கப் பூரித்துப்போய் எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் அதே கான், அதே கூரை, அதே அப்பாயி.

மூன்றாவது கட்டம்தான் இந்த வர்க்கத்தின் உண்மையான வாழ்க்கை. ஷொக்கின் உச்சியில் ஒரு சின்னத் திருகி இருக்கிறது. முப்பத்திரண்டு கிளிக். ஒரு பக்கம் திருப்பினால் ஷொக் இறுகும், மறுபக்கம் தளரும். நம்மவர் ஒரு கொப்பி போட்டார். கொட்டகலை வரைக்கும் எட்டு கிளிக், வட்டவளைக்குப் பன்னிரண்டு, மழை நாளைக்கு ஆறு. தளர்த்தி ஓட்டினால் கார் ஒரு பள்ளத்தில் விழுந்து மூன்று தரம் ஆடிவிட்டு நிற்கும். இறுக்கி ஓட்டினால் ஆட்டம் நின்றுவிடும், ஆனால் வேறொன்று நடக்கும்: முதல் பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் மேலே எழும்ப ஷொக் விடாது, எழும்புமுன் அடுத்த பள்ளம், அதற்குள் இன்னொன்று. பள்ளத்துக்குப் பள்ளம் கார் கீழே கீழே அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் நிற்கிற உயரத்தையும் விடத் தாழ்ந்து ஓடும். முப்பத்திரண்டையும் முழுக்க இறுக்கிய இரவில்தான் நம்மவர், "இப்ப யுரோப்பியன் ஃபீல் வருது மச்சான்" என்றார்.

பிறகு வளையச் சாவி வாங்கினார். ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைத்தால் கடினமாகும், தளர்த்தினால் மெதுவாகும் என்று ஒருவர் ஓதியிருந்தார். அது அப்படியல்ல. கார் தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் தாங்குவது காரின் பாரத்தை. அந்தப் பாரம் வளையத்தைத் திருகுவதால் மாறாது. எட்டுக் கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்குகிற ஸ்பிரிங், எவ்வளவு திருகினாலும் அடுத்த எட்டுக் கிலோவுக்கு அடுத்த மில்லிமீட்டர்தான் அமுங்கும். நம்மவருக்கு இதைச் சொன்னால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

மாமா இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா முப்பது வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர்.

"லொறி வெறுமையா போனாத்தான் மருமகனே குலுக்கும். லோட் ஏத்துனா சொகுசு. டிக்கில ரெண்டு ஒரமூட்டையப் போடு."

லொறி விஷயத்தில் மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு மூட்டை ஏற்றினார்கள். கார் புறப்பட்டு முதல் வளைவிலேயே பின்டயர் மட்காட்டைச் சுரண்டத் தொடங்கியது. முதல் கானில் முன்னைவிடப் பலமாக ஒரு இடி. மூட்டையை அங்கேயே இறக்கிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று மாமா ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பாரம் ஏற்றினால் மெதுவாக வேண்டிய ஸ்பிரிங் ஏன் இன்னும் மோசமானது? விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

கடைசியாகப் பாஸிடம் வந்தார். டிக்கோயா ரோட்டில் ஒரு கராஜ். பாஸ் அதிகம் பேசமாட்டார். காரின் மூக்கில் கை வைத்து ஒரு தரம் அழுத்தினார். கார் அசையவில்லை. இன்னொரு தரம் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். ஒரு விரல் அளவு இறங்கி 'டொக்' என்று நின்றது. பாஸ் காரைத் தூக்கி, ஷொக்கின் மினுமினுக்கும் தண்டில் நான்கு பக்கமும் கிறீஸ் தடவிவிட்டு, "மெதுவா அந்த முக்கு வரைக்கும் போயிட்டு வாங்க தம்பி" என்றார். நம்மவர் மெதுவாகவே போய் வந்தார். திரும்பிப் பார்த்தால் கிறீஸ் முழுதும் வழித்து மேலே ஏறி, உச்சியிலிருக்கும் கறுப்பு ரப்பர் கட்டையின் வாயில் ஒட்டியிருந்தது.

"தம்பி, நீங்க ஸ்பிரிங்குல ஓடல. இந்த ரப்பருலதான் ஓடுறீங்க."

சில நிமிடம் கராஜில் யாரும் பேசவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எந்த ஷொக்குக்கும் மேலே ஏறி இறங்க ஒரு தூரம் வேண்டும். காரை அந்தளவு பதித்ததும் மேலே போகும் தூரம் தீர்ந்துவிட்டது. ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியதுமே ஷொக்கின் உடம்பு ரப்பரில் முட்டுகிறது. ரப்பர் உதைக்கிறது. உதைத்ததும் கார் எகிறுகிறது. ரப்பரை அடக்க எந்தத் திருகியாலும் முடியாது. உரமூட்டை வைத்தால் இன்னும் ஆழமாக முட்டும். ஸ்பிரிங் வேறு கடினம்: கம்பெனி ஸ்பிரிங்கைப் போல மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றால் மூன்று மடங்கு வேகமாக ஆடும் என்று அர்த்தமில்லை; கணக்கு வர்க்கமூலத்தில் போகிறது, ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். நொடிக்கு ஒன்றரைத் தரம் ஆடிய கார் இரண்டரைத் தரத்துக்குச் சற்று மேல் ஆடும். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய கஷ்டம். ரப்பர்தான் ஆளைக் கொல்வது.

"ஒரு அங்குலம் ஒசத்துவமா?" என்று பாஸ் கேட்டார்.

இங்கேதான் நம்மவரின் குணத்தைப் பார்க்க வேண்டும். புஷ் மாற்றலாம் என்றார். மாட்டும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்கத் தொங்க நட்டை இறுக்கியதால் புஷ் ரப்பரெல்லாம் முறுகி நிற்பதைப் பாஸ் காட்டினார்; தரையில் நிறுத்தி இறுக்கிக் கொள்ளலாம் என்றதும் உடனே சம்மதித்தார். டயரை மாற்றலாம், ரிம்மை மாற்றலாம், சீட்டுக்குப் பஞ்சு வைக்கலாம், அப்பாயிக்குத் தலையணை வாங்கலாம். ரோட்டைப் போட எம்பியிடம் மனு கொடுக்கலாம் என்றும் சொன்னார். காரை உயர்த்துவது என்ற பேச்சு மட்டும் அவர் வாயில் வரவே இல்லை. வராதுதான். அவர் வாங்கியது ஷொக் இல்லையே, அந்த இரண்டு விரல் இடைவெளியை அல்லவா வாங்கினார்!

பாஸ் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். "பின்னால ஏறுங்க."

நம்மவர் தன் காரின் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. இந்த வர்க்கத்தில் யாருமே உட்கார்ந்ததில்லை. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு எந்தப் பள்ளம் எப்போது வரும் என்று தெரியும், கையும் காலும் ஊன்றியிருக்கும். பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 1930களில் அமெரிக்காவின் கெடிலாக்கில் வேலை செய்த மொரிஸ் ஒலி என்ற பொறியியலாளர், முன்சக்கரம் விழுந்து கொஞ்சம் பிந்தித்தான் பின்சக்கரம் விழுகிறது, ஆகவே பின் ஸ்பிரிங் சற்று வேகமாக ஆடி முன்னதை எட்டிப் பிடித்தால்தான் தலையாட்டம் அடங்கும் என்று கண்டு சொன்னார். நம்மவரின் செட்டில் முன்பக்க ஸ்பிரிங்தான் கடினம். கார் கும்பிட்டுக்கொண்டே போனது. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளை ரோட்டில் பாஸ் வேண்டுமென்றே ஒரு கானையும் தவறவிடவில்லை.

திரும்பி வந்ததும் இறங்கி, கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பாயி ஒண்ணும் சொல்லலயே பாஸ்."

"பெரியவங்க சொல்ல மாட்டாங்க தம்பி. அடுத்த தடவ பஸ்ஸுல போறேன்னு சொல்லுவாங்க."

அப்பாயி இரண்டு மாதமாகப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார்.

அன்று ஒரு அங்குலம் உயர்த்தினார்கள். திருகியை நடுவில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கினார்கள். கார் கடினமாகத்தான் ஓடியது, ஆனால் எகிறவில்லை. அப்பாயி ஏறி உட்கார்ந்து மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்தார். நம்மவரும் திருந்திவிட்டார் என்றே நாம் நினைத்தோம். பத்து நாள் கழித்துத் தலவாக்கலையில் ஒரு நண்பன், "என்ன மச்சான், ஜீப் ஆக்கிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டான். அன்றிரவு வளையச் சாவியோடு போன் வெளிச்சம் எரிந்தது.

பழசு எங்கே என்று அப்பாயி கேட்டாரே. கம்பெனி ஷொக் நான்கையும் நம்மவர் மாட்டிய அன்றே பாஸுக்கு விற்றுவிட்டார், இரும்பு விலைக்கு. பாஸின் கராஜில் பின்சுவரோரம் ஒரு பலகைத் தட்டு இருக்கிறது. அதில் கடதாசி சுற்றிய கம்பெனி ஷொக்குகள், நந்நான்காக, ஒவ்வொன்றிலும் சோக்கால் எழுதிய பெயர், ஊர்: நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ, லிந்துலை.

"ஏன் பாஸ் விக்காம வச்சிருக்கீங்க? நல்ல வெலக்கிப் போகுமே" என்று கேட்டேன்.

பாஸ் நோர்வூட் கட்டை எடுத்துத் தூசி தட்டினார். "இது நாளைக்கிப் போகுது. அவருக்குப் போன மாசம் பிள்ள பொறந்திருக்கு. இந்தத் தம்பிக்கு இன்னும் பொண்ணு பாக்கலயாம். அதுவரைக்கும் இங்க கெடக்கட்டும்."

என்ன விலைக்குத் திருப்பிக் கொடுப்பார் என்று கேட்டேன். பாஸ் சொன்ன தொகையைக் கேட்டு, இரும்பு வியாபாரத்தில் இவ்வளவு வருமானம் உண்டா என்று எனக்கே ஆசை வந்தது.