வாய் வாரண்டி மாமா

மதுரையில் பழைய கார் வாங்க மூன்று பேர் வேண்டும்: விற்கிறவர், வாங்குகிறவர், மாமா. முதல் இருவரில் ஒருவர் வராவிட்டாலும் பேச்சு நடந்துவிடும். மாமா வராவிட்டால் நடக்காது.

மாமா என்றால் தாய்மாமன்தான் என்றில்லை. தெருவுக்கே மாமா. செல்லூரில் ஒருவர், பழங்காநத்தத்தில் ஒருவர், கே.கே. நகரில் பேண்ட் போட்ட ஒருவர் என்று ஏரியாவுக்கு ஒருவர் உண்டு. போக்குவரத்துக் கழகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் என்பது அவருடைய தகுதி. டிப்போவில் சம்பளப் பட்டியல் எழுதும் மேஜையில் இருந்தார் என்பது பென்ஷன் ஆபீசுக்கு மட்டும் தெரிந்த சேதி. இத்தனை வருஷம் டீசல் வாடையில் உட்கார்ந்ததில் இன்ஜின் தன்னிடம் பேசும் என்று அவரே நம்பிவிட்டார்.

பைபாஸ் ரோட்டுக் கன்சல்டிங்கில் கார்கள் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடியில் வருஷம் எழுதிய அட்டையோடு வரிசையாக நிற்கும். உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர் மாதிரி மாமா ஒரு சுற்று சுற்றி வருவார். விலை கேட்க மாட்டார். பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். சுடும்.

"காலையிலேயே ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டியா தம்பி? ஆறட்டும். டீ சொல்லு."

ஆறிக் கிடக்கிற இன்ஜின் கிளம்பும்போதுதான் அதன் நோய் தெரியும் என்பது உண்மை. டீ ஓசி என்பதும் உண்மை. மாமாவின் விஞ்ஞானத்தில் இந்த இரண்டு உண்மைகளும் எப்போதும் சேர்ந்தே இருக்கும்.

டீ முடிந்ததும் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலை விட்டுப் பார்ப்பார். வெளுப்பாகக் கசண்டு ஒட்டினால் முகம் சுளிப்பார், தண்ணீர் கலந்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிப்பார். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். "வண்டி 2016. இருபதாயிரந்தேன் ஓடிருக்குங்கிற. பெறகு எதுக்குய்யா மூணு வருசத்துல நாலு டயரையும் மாத்துனாய்ங்க?" கன்சல்டிங் தம்பி வானத்தைப் பார்ப்பார்.

அடுத்தது சீட் பெல்ட். கடைசிவரை உருவி இழுத்து, அடியில் மண்கறை இருக்கிறதா என்று பார்ப்பார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியது. அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. வடக்கே மூழ்கியதும் தெற்கே மூழ்கியதும் விலைபோக வந்து சந்திக்கிற ஊர் மதுரைதான் என்பது மாமாவின் பூகோளம்.

"டாக்டர் வண்டிண்ணே. வீடு, ஆஸ்பத்திரி, வீடு. அம்புட்டுத்தேன்."

"மதுரையில டாக்டரை விட டாக்டர் வண்டி ஜாஸ்திப்பா."

பிறகு ஓட்டிப் பார்க்கும் படலம். மதுரை தட்டையான ஊர்; கிளட்சைச் சோதிக்க ஏற்றம் வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். 2023-இல் திறந்த நத்தம் ரோட்டுப் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மாமாவுக்கு அது போதும். பாலம் இறங்கினதும் வடைக்கடை வரும் என்பது துணைக் காரணம்.

இதுவரை மாமா மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிஜமாகவே பாதி தெரிந்தவர். வில்லங்கம் தொடங்குவது மேஜைக்குக் காகிதம் வரும்போது.

கம்பெனிகளே பழைய கார் விற்கத் தொடங்கி நாளாகிவிட்டது. மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-இல் வந்தது. சோதித்துச் சான்று கொடுத்த வண்டிக்கு அங்கே அதிகபட்சம் 1 வருஷ வாரண்டியும் 3 இலவச சர்வீஸும் தருகிறார்கள். கன்சல்டிங்கை விட விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தக் 'கொஞ்சம்' காதில் விழுந்ததும் மாமா, கார் வாங்க வந்த மருமகன் தோளில் கை போடுவார்.

"அம்புட்டுக் காசுக்கு அவன் தர்றது ஒரு பேப்பரு. நடுரோட்டுல நின்னா பேப்பரா வந்து வண்டியத் தள்ளும்? நா இருக்கேன்ல. என் வாய்தேன் வாரண்டி."

பேப்பர் தள்ளாதுதான். அதில் இருப்பதை யாராவது வாசித்திருந்தால் தள்ள வேண்டிய நிலைமை வந்திருக்காது. அதன் சாரம் இவ்வளவுதான்: இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ளுக்குள் பழுதானால் அவர்கள் பொறுப்பு. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், வைப்பர் என்று தேய்வதற்கென்றே பிறந்த சாமான்கள் சேராது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஊர் வரை ஓட்டினால் சேராது. வெளியே கேஸ் கிட் மாட்டினால், வயரை அறுத்து லாரி ஹாரன் மாட்டினால், சொந்த வண்டியைக் கல்யாண வாடகைக்கு விட்டால் சேராது. எல்லாவற்றுக்கும் மேலே சர்வீஸ். பெரும்பாலான வண்டிகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருஷம், எது முந்துகிறதோ அப்போது, அவர்கள் சொன்ன இடத்தில் விட்டு, பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

நம் குடும்பங்கள் தடுக்கி விழுவது அந்த 'எது முந்துகிறதோ'வில். அழகர்கோவில், திருச்செந்தூர், இரண்டு காதுகுத்து. மற்ற நாளெல்லாம் கார் கவர் போட்டு வாசலில் நிற்கும். மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் வருஷம் முடிந்துவிடும். "ஓடாத வண்டிக்கு எதுக்குப்பா ஆயிலு? எண்ணெய்ய முழுங்கிருமா?" என்பார் மாமா. ஆயில் நின்ற இடத்திலேயே கெடும் என்பதைச் சம்பளப் பட்டியல் மேஜையில் யாரும் சொல்லித்தரவில்லை.

வாய் வாரண்டிக்கும் நிபந்தனைகள் உண்டு. எழுதியிருக்காது, அவ்வளவே. முதலாவது, சர்வீஸ் மாமா காட்டுகிற மெக்கானிக்கிடம்தான். அவர் கைராசிக்காரர், பில் புத்தகம் என்ற வஸ்துவைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டாவது, வண்டியில் குறை இருந்தால் அத்தை காதுபட அதைச் சொல்லக் கூடாது. மூன்றாவது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாமாவுக்கு போன் கேட்காது. நான்காவதுதான் முக்கியம்: ஓட்டுகிறவர் தப்பால் வருகிற பழுது வாரண்டியில் சேராது, எல்லாப் பழுதும் ஓட்டுகிறவர் தப்பால்தான் வரும்.

ஒரு மருமகன் சம்சாரம் சொன்ன பேச்சைக் கேட்டு மாமாவை மீறி வாரண்டியோடு வண்டி எடுத்தார். மாமா கோபிக்கவில்லை. "சரி, சர்வீஸாச்சும் நம்மாளுக்கிட்ட விடு. அங்க விட்டா தீட்டிருவாய்ங்க" என்றார். பெரிய மனுஷர் மனம் நோகக் கூடாதென்று மருமகன் அப்படியே செய்தார். கத்திரி வெயிலில் மேலூர் தாண்டியதும் கியர்பாக்ஸ் ஊளையிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பையன் நம்பரைத் தட்டினான். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்து போனது என்று கம்ப்யூட்டர் ஒப்பித்தது; மீட்டரைத் திருப்பி விற்கிறவர்கள் அகப்படுவதும் இந்த இடத்தில்தான்.

"சார், போன சர்வீஸ் எங்க விட்டீங்க?"

மருமகன் மாமாவைப் பார்த்தார். மாமா காலண்டரைப் பார்த்தார். க்ளெய்ம் கிடையாது என்று காகிதம் வந்தது. வெளியே வந்ததும் மாமா பெருமூச்சு விட்டார்: "நா அன்னைக்கே சொன்னேன்ல மாப்ள? வாரண்டியெல்லாம் ஏமாத்து வேலைன்னு." வாரண்டியைச் சாகடித்தவரே துக்கம் விசாரித்தார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றால், 2019-ஆம் வருஷச் சட்டப்படி 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம்தான். அங்கேயும் பில்லைத்தான் கேட்பார்கள். கன்சல்டிங்கில் வாங்கியவர் பாடு இன்னும் மோசம். "ஒரு மாசத்துக்கு எது வந்தாலும் நா பொறுப்புண்ணே" என்று அந்தத் தம்பி நெஞ்சில் கை வைத்துச் சொன்னதை ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். வாங்கியவர் பேனாவை எடுக்கவும் செய்தார். மாமாதான் தடுத்தார்: "எழுதிக் கேட்டா மனுசன் சங்கடப்படுவான்ல?"

மாமாவின் வேதம் இதுதான். காசு கொடுக்கலாம், சத்தம் போடலாம், டயரை எட்டி உதைக்கலாம். எழுதித் தா என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் எதிராளியைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் நம்பர் படிவங்களும் இந்தச் சங்கடத்தில்தான் கிடப்பில் போகின்றன. விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். "ஓடியா போகப் போறாரு? மெதுவா மாத்திக்கிருவோம்" என்பார் மாமா. காரை மருமகன் ஓட்ட, காளவாசல் சிக்னல் அபராதம் பழைய ஓனர் போனுக்குப் போகும். அவரும் சங்கடப்பட்டுச் சொல்ல மாட்டார்.

இத்தனை பேருக்குப் பழைய கார் பார்த்துக் கொடுத்த மாமா தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கியதில்லை. அவருடையது 2009-இல் ஷோரூமில் எடுத்த வெள்ளை மாருதி 800. 15 வருஷம் முடிந்து, 2024-இல் ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பித்தும் ஆயிற்று. டேஷ்போர்டைத் திறந்தால் ரெக்ஸின் ஃபைல் ஒன்று இருக்கும். முதல் இலவச சர்வீஸில் தொடங்கி வைப்பர் ரப்பர் மாற்றியது வரை அத்தனை பில்லும் தேதிவாரியாக, பஞ்ச் செய்து, நூல் கோத்து இருக்கும். ஒரு வருஷம்கூட விட்டுப்போயிருக்காது.

"என்ன மாமா, இதுக்கு மட்டும் இம்புட்டு பேப்பரு?"

மாமா ஃபைலைப் பிடுங்கி உள்ளே வைத்து மூடினார். "இது கம்பெனிக்காரன்கிட்ட வாங்குனதுப்பா. அவன எப்படி நம்புறது?"