ஒரு கம்பளத்தின் நன்றிக் கடிதம்

பெறுநர்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன்.

மாட்சிமை பொருந்திய முகமையே,

1987, 88 வாக்கில் வாட்டர்சைட் மால் தலைமையகத்தில் உங்கள் காலடியில் விரிக்கப்பட்ட புதுக் கம்பளம் எழுதுகிறேன். என்னைச் சுருட்டி வெளியே போட்டு வெகுகாலம் ஆகிறது. நன்றி மட்டும் போகவில்லை.

நான் வந்ததும் உங்கள் ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தலைவலி, கண்ணெரிச்சல், கிறுகிறுப்பு. நாட்டின் காற்றுக்கே காவலிருப்பவர்கள் தங்கள் அறைக் காற்று ஆகாமல் வேறிடம் தேடினார்கள். என் அடிப்பாகத்து செயற்கை ரப்பர் பாலில் உண்டாகும் 4-ஃபீனைல்சைக்ளோஹெக்சீன்மீது பழி விழுந்தது. புதுக் கம்பளத்துக்கென்று ஒரு வாசம் உண்டே, அதுதான். கட்டடத்தின் அரைகுறைக் காற்றோட்டமும் எனக்குக் கூட்டாளி.

பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். சிலருக்கு மட்டும் உடம்பு பழையபடி ஆகவில்லை. அடுத்த நாற்காலிக்காரரின் சென்ட், தரை துடைக்கும் திரவம், புது பெயின்ட் எல்லாமே விரோதியாயின. பலவகை ரசாயனங்கள், அதுவும் மற்றவர்களை ஒன்றும் செய்யாத சிறு அளவில், உடம்பைப் படுத்தும் இந்த நிலைக்கு யேல் மருத்துவர் மார்க் கல்லன் வரையறை எழுதியதும் 1987இல்தான். ‘மல்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி’ என்றார். நானும் அந்த வரையறையும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்!

1990இல் ஊழியர் சங்கம் உங்களிடமே மனுப் போட்டது: கம்பளத்திலிருந்து வரும் அந்த வேதிப்பொருளைச் சட்டப்படி கட்டுப்படுத்துங்கள் என்று. தள்ளுபடி செய்தீர்கள். அதற்குப் பதிலாகக் கம்பளத் தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டு, தாங்களாகவே பார்த்துக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசினீர்கள். உங்கள் தரையில் நான் ஆகாது. ஊரார் வீட்டில் என் சொந்தபந்தம் இருக்கலாம். இந்த நீதியை நினைத்தால் என் ஒவ்வொரு நூலும் புல்லரிக்கிறது.

இந்த நோயின் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று நிபுணர்கள் சொல்வது உண்மைதான். எது ரசாயனம், எது வெறுங்காற்று என்று மறைத்துவைத்துச் சோதித்தபோது நோயாளிகள் பலரால் பிரித்தறிய முடியவில்லை என்பதும் உண்மை. ஆகவே அவர்களுக்கு வலிக்கவில்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு வசதி! காரணம் தெரிந்த பிறகுதான் தலை வலிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்ற உங்கள் சகோதர நிறுவனம்தான் கெட்டுப்போய்விட்டது. 2009இல் தன் அலுவலகங்களில் ஊதுவத்தி, வாசனை மெழுகுவத்தி, ரூம் ஸ்பிரே, கழிவறை வாசனை வில்லை அத்தனைக்கும் தடை. ஊழியர்களும் கூடியவரை வாசனையில்லாமல் வரவேண்டுமாம். மூலகாரணம் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கக்கூடாதா?

அவர்களைப் பார்த்து நீங்களும் மாறிவிட வேண்டாம். புதுக் கம்பளத்தை விரிக்குமுன் காற்றாட உலர்த்துவது, ஜன்னலைத் திறப்பது, ஆகாதவர் சொன்னால் நம்பி வேறு இடம் தருவது எல்லாம் செலவில்லாத வேலைகள். செலவில்லாத வேலையைச் செய்ய அரசாங்கம் எதற்கு? இனியும் யாராவது மூச்சு முட்டி மனுக் கொடுத்தால், 1990இல் செய்தபடியே செய்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் காலடியில் கிடந்த,
கம்பளம்