சி டிரைவின் பாகப்பிரிவினை

வீட்டுக் கணினிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே வட்டுதான். அதைக் கூறுபோட்டு சி, டி, ஈ என்று தனித்தனி வட்டுகள் போலக் காட்டும் ஏற்பாட்டுக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். பாகப்பிரிவினை என்று சொன்னால் இன்னும் கச்சிதம். இங்கேயும் ஒருவருக்குப் பங்கு போதாது, பக்கத்துப் பங்கில் இடம் சும்மா கிடக்கும், நடுவில் ஒரு வழித்தகராறு இருக்கும். எந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வட்டின் தலைப்பில் உள்ள சிறு அட்டவணை சொல்கிறது. பழைய எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பங்குகளுக்குத்தான் இடம். 2 டிபிக்கு மேல் அதற்கு அளக்கவும் தெரியாது. இப்போதைய ஜிபிடி அட்டவணையில் விண்டோஸ் 128 பங்குகள் வரை போட்டுக்கொள்ளலாம். அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். வில்லங்கச் சான்றுக்கு அலைந்தவர்களுக்கு அந்த நகலின் அருமை புரியும்.

பெயர்கள் சி-யில் தொடங்குவதற்குக் காரணம், ஏ-யும் பி-யும் பிளாப்பிக்கு ஒதுக்கப்பட்டிருந்ததுதான். பிளாப்பி போய்விட்டது, ஒதுக்கீடு போகவில்லை. தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இந்த விளக்கம் எடுபடாது. இங்கே ஏ, பி, சி என்றால் ஷிப்ட். சி என்றால் ராத்திரி ஷிப்ட். யோசித்தால் அதுவும் பொருத்தம்தான். மொத்தப் பாரமும் சி-யின் தலையில்; டி-யில் பாட்டும் படமும் படுத்துத் தூங்கும்.

1 டிபி என்று வாங்கிய வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். மனைப்பிரிவில் சாலைக்கு விட்ட இடத்தையும் சேர்த்து விற்றுவிட்டார்களோ என்று தோன்றும். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

கண்ணுக்குத் தெரியும் பங்குகள் போக, எழுத்தே இல்லாத பங்குகளும் உண்டு. முதலில் ஈஎஃப்ஐ, பெரும்பாலும் 100 எம்பி. கணினி விழித்தெழுவது இதிலிருந்துதான். அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரு துண்டு. பிறகு சி. அதன் வலப்பக்கத்தில் அரை ஜிபியோ ஒரு ஜிபியோ கொண்ட ரெக்கவரி பார்ட்டிஷன்: விண்டோஸ் எழுந்திருக்காத அன்றைக்கு அதைத் தூக்கி நிறுத்தும் கருவிகள் இதற்குள் இருக்கின்றன. கம்பெனிக் கணினிகள் பலவற்றில் இது போக இன்னொரு பெரிய பங்கும் உண்டு. கணினி ஆலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, அந்தக் கோலத்தின் முழுப் பிரதி அதில் இருக்கும். ஃபேக்டரி ரீசெட் என்பது இதைக் கொண்டுதான். மற்ற ஊர்களில் அது வெறும் சொல். இந்த ஊர்க்காரருக்கு ஃபேக்டரி என்றால் கம்பெனி பஸ் நிற்கும் இடம். டெல் ஆலை 2007இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அதில் பிறந்து, கடைக்குப் போய், மறுபடி சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்த கணினிக்குப் பிறந்த வீடு ஒரு ஷேர் ஆட்டோ தூரம்.

தமிழ்நாட்டில் பாகப்பிரிவினையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் குடியிருந்தன. லினக்ஸ் பங்கை அழித்துப் படத்துக்கு இடம் பண்ணலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. அழிப்பது எளிது, ஆனால் கணினி திறக்கும்போது யாரை எழுப்புவது என்று கேட்கும் வாயிற்காவலர் அந்த லினக்ஸின் ஆள். பங்கு போனதும் அவர் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதிவிட்டு நின்றுகொள்வார். விண்டோஸ் உள்ளே நலமாகத்தான் இருக்கும், கதவுதான் திறக்காது.

சி நிரம்பிச் சிவப்புக் கோடு தோன்றும்போது வீடுகளில் நடப்பதை, வல்லக்கோட்டைப் பக்கம் குடியிருக்கும் தர ஆய்வாளர் ஒருவரின் மேசைக் கணினியில் பார்க்கலாம். டி-யில் 200 ஜிபி காலி. அதைச் சுருக்கினார். கிடைத்த இடம் டி-க்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. சி-யை நீட்ட, காலியிடம் அதன் வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். ஆகவே டி-யில் இருந்ததை வெளி வட்டுக்கு மாற்றிவிட்டு டி-யையே அழித்தார். அப்போதும் சி-யை நீட்டும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கட்டளை சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. நடுவில் 990 எம்பியில், பெயரும் எழுத்தும் இல்லாமல் ஒன்று வழியை மறித்துக்கொண்டிருந்தது.

அவர் வேலை செய்யும் இடத்தில் ஃபைவ் எஸ் உண்டு. பயன்படாத பொருளுக்குச் சிவப்பு டேக் மாட்டி அப்புறப்படுத்துவது அதன் முதல் பாடம். மூன்று வருடமாக யாரும் திறக்காத, அடையாளச் சீட்டு இல்லாத பொருள் என்றால் எந்த ஆடிட்டிலும் டேக்தான். அந்தப் பங்கின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும் வந்தது, அழிக்க விடவில்லை. விட்டுவிடுபவரா அவர்? விண்டோஸின் கட்டளைவரிக் கருவியான டிஸ்க்பார்ட்டைத் திறந்து, 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' என்று அடித்தார். சி நீண்டது. நீலக் கோடு வந்தது. வீட்டில் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான்கு மாதம் கழித்து, விண்டோஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனது. ரிப்பேர் பண்ண வேண்டும் என்று திரை சொன்னது. ரிப்பேர் பண்ணும் ஆளைத்தான் அவர் டேக் மாட்டி அனுப்பியிருந்தார். தீயணைப்பான் சிலிண்டரையும் யாரும் மூன்று வருடமாகத் திறப்பதில்லை. ஆடிட்டர்கள் அதற்கு டேக் மாட்டுவதில்லை.

இதில் அவர் தனி ஆளில்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்கு ரெக்கவரி பங்கில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. பல கணினிகளில் அது இல்லை. சி-யை 250 எம்பி சுருக்கி, ரெக்கவரியை அழித்து, பெரிதாக மறுபடி கட்டும்படி அந்த நிறுவனமே கட்டளை வரிகளை வெளியிட, உலகமெங்கும் டிஸ்க்பார்ட்டின் பெயரையே கேட்டிராதவர்கள் அதைத் தட்டினார்கள். 'கிளீன்' என்ற ஒரு சொல்லுக்கு முழு வட்டின் அட்டவணையையும் மறுகேள்வி இல்லாமல் துடைத்துவிடும் கருவி அது.

அட்டவணை போனாலும் சரக்கு உடனே போவதில்லை. பட்டா ரத்தானாலும் வீடு நிற்பது போலத்தான். மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய எல்லைகளைத் தேடிப் பிடிக்கும். எஸ்எஸ்டி வகை வட்டில் அந்த நம்பிக்கை குறைவு. காலி என்று விண்டோஸ் சொன்ன இடத்தை அது பெரும்பாலும் சீக்கிரமே கழுவி வைத்துவிடும்.

பங்கில் கை வைக்குமுன் செய்ய வேண்டியது, 16 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்றில் 'ரெக்கவரி டிரைவ்' உருவாக்கி வைப்பது. அதில் முன்பே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆய்வாளரும் பிறகு ஒன்று செய்தார். லேபிள் ஒட்டி, அலமாரியில் மஞ்சள் டேப்பால் கட்டம் போட்டு அதற்குள் வைத்தார். அதில் இப்போது மச்சினியின் வளைகாப்பு வீடியோ இருக்கிறது.